சக்கைப் பிரதமன்: மழையைக் கடந்த பழம்

நாகர்கோவில் பக்கத்துத் திருமண வீடுகளில் பந்தி நிறைவை நெருங்கும் வேளையில் ஒரு சிறு அமைதி உண்டாகும். ரசம் முடிந்து, மோர் வருவதற்கு முன்பான இடைவெளி அது. உண்போர் இலையின் நடுவைக் கையால் ஒதுக்கிச் சுத்தம் செய்துகொண்டு காத்திருப்பர். வாளியும் அகப்பையுமாக ஒருவர் வருவார். கருஞ்செம்மை நிறத்தில், கூழை விடச் சற்று நெகிழ்வாக, ஆவி பறக்கும் ஒன்று இலையில் விழும். சூடு பட்டதும் வாழையிலையின் பச்சை மணம் எழும். அதன் பின்னாலேயே சுக்கின் காரம் மூக்கில் ஏறும். பப்படத்தை அதன்மீது நொறுக்கிப்போட்டுக் குழைத்து உண்பதே வழக்கம். பிரதமன் என்ற பெயரைக் கேட்டுத் தில்லியை நினைத்துக்கொள்ளும் வடதமிழ்நாட்டு விருந்தாளிகள் எல்லாப் பந்தியிலும் ஒருவரேனும் இருப்பர்.

முதன்மையானது என்ற பொருளுடைய ‘பிரதம’ என்னும் வடசொல்லோடு இணைத்தே இப்பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். மலையாள நாட்டு வழக்கில் பாலும் சீனியும் சேர்ந்தது பாயசம். தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்ந்தது பிரதமன். அடையிலும் நேந்திரம் பழத்திலும் கடலைப்பருப்பிலும் பிரதமன் உண்டு. ஆனால் வரலாறு படிக்க விரும்புவோர் கையில் எடுக்க வேண்டியது பலாப்பழத்தில் செய்யும் சக்கைப் பிரதமனையே என்பது நம் எண்ணம். ஒரு பழம், மூன்று மூலிகை மணம், ஒரு பிடி வெல்லம் என்று எளிமையாகத் தோன்றும் அந்த உருளிக்குள் ஏழு நூற்றாண்டு வணிகமும் ஒரு நாட்டின் பசியும் ஒன்றாகக் கொதிப்பதை நாம் காணமுடியும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். பொதுத் தமிழில் சக்கை என்றால் சாறு போன பின் எஞ்சும் கழிவு. கரும்புச் சக்கை என்கிறோம். பிழிந்து எறிந்த எதையும் சக்கை என்கிறோம். மலைக்கு மேற்கே மலையாளத்திலும், திருவிதாங்கூரின் பகுதியாக நெடுங்காலம் இருந்த நாஞ்சில் நாட்டுத் தமிழிலும் அதே சொல் பலாப்பழத்தைக் குறிக்கிறது. ஓரிடத்தில் எறியப்படுவதன் பெயர் மற்றோரிடத்தில் விருந்தின் பெயர். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. எல்லைக்கோடு நகர்ந்தது, சொல் நகரவில்லை. பந்தியில் பிரதமனும் நகரவில்லை.

பலா தமிழுக்குப் புதிதன்று. கபிலர் அதைத் திரும்பத் திரும்பப் பாடியவர். பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே கிடைக்கும் விளைவுகள் நான்கு என்று புறநானூற்றின் 109ஆம் பாடலில் அவர் கணக்குச் சொல்கிறார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. பாடலின் நோக்கம் இயற்கை வருணனை மட்டுமில்லை. முற்றுகையிட்ட மூவேந்தரைப் பார்த்து, உங்களால் இம்மலையைப் பட்டினி போட முடியாது என்று சொல்லும் எச்சரிக்கை அது. ஆகவே நம் இலக்கியத்தில் பலா பசியை எதிர்த்து நிற்கும் உணவாகவே நுழைகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

*

பதினான்காம் நூற்றாண்டில் கொல்லம் மிளகுத் துறைமுகமாகப் புகழ்பெற்றிருந்தது. 1329இல் கொல்லத்தின் ஆயராக நியமிக்கப்பட்ட ஜோர்தானுஸ் என்னும் பாதிரியார் தம் குறிப்பில், ஒன்றே ஐந்து பேருக்குப் போதுமான பெரும்பழம் ஒன்றைப் பற்றி எழுதி அதைச் ‘சாக்கி’ என்கிறார். 1340களின் பிற்பகுதியில் அங்கே தங்கியிருந்த மரிஞோல்லி என்னும் இத்தாலியத் துறவி, கிளையில் காய்க்காமல் அடிமரத்தில் காய்க்கும் அதிசயத்தைக் கண்டு வியந்து, மூன்று வயதுக் குழந்தையின் பருமன் என்று பழத்துக்கு அளவு சொல்கிறார். அதே காலத்தில் இந்தியாவைச் சுற்றிய இபின் பதூதா ‘ஷகி’, ‘பர்கி’ என்று இரு பெயர்களைத் தருகிறார். சக்கையும் வரிக்கையும் அப்பெயர்களில் ஒலிப்பதாக அறிஞர்கள் கருதுவர். வரிக்கை என்பது இறுகிய சுளையுடைய இனம். கூழன் என்பது வழுவழுப்பானது. நம் பாட்டிமார் இன்றும் பழத்தைத் தட்டிப் பார்த்துச் சொல்லும் பிரிவு அது.

இந்த மூவரும் வந்த கப்பல்கள் எதற்காக வந்தன? மிளகுக்கும் இஞ்சிக்கும் ஏலத்துக்கும். அவை மூன்றும் மேற்கு மலைத்தொடரின் மழையில் வளர்பவை. மூன்றுக்கும் பொதுவான ஒரு பண்பு உண்டு: காய்ந்தால் கெடாது. இஞ்சி சுக்காகிறது, ஏலம் உலர்ந்து தன் மணத்தை ஓட்டுக்குள் பூட்டிக்கொள்கிறது. ஆகவே அவை கடல் கடந்தன. பலாப்பழமோ வெட்டிய மறுநாளே புளிக்கத் தொடங்கும். பத்து, பதினைந்து கிலோ எடையும் முள்ளும் பிசினுமாக இருக்கும் அதை எந்த வணிகனும் கப்பலில் ஏற்றத் துணியவில்லை. காய்ந்தவை கப்பலேறின, கனிந்தது ஊரில் தங்கியது.

பழம் தங்கினாலும் அதன் பெயர் பயணம் செய்தது. கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்தா 1563இல் அச்சிட்ட நூலில், மலபாரில் இதை ‘ஜாகா’ என்பர் என்று பதிவு செய்தார். அந்த ஜாகாதான் ஆங்கிலத்தில் ஜாக் ஆயிற்று. வெல்லத்தின் பெயரும் அதே வழியில்தான் சென்றது. சர்க்கரை என்னும் சொல்லின் மேற்குக்கரை வடிவம் போர்த்துகீசியர் வாயில் ஜாகரா ஆகி, ஆங்கிலத்தில் ஜாகரி ஆயிற்று. பழத்தின் பெயரையும் வெல்லத்தின் பெயரையும் ஒருங்கே எடுத்துச் சென்றவர்கள் அவ்விரண்டையும் சேர்த்துக் கிண்டும் வித்தையைக் கொண்டுசெல்லவில்லை.

போர்த்துகீசியர் பலாவைப் பிரேசிலுக்குக் கொண்டுபோய் நட்டனர். இன்று ரியோ நகரத்துத் திஜூகா காட்டில் அது உள்நாட்டு மரங்களை நெருக்கும் அயல் மரம். பிரேசிலிலிருந்து அவர்கள் இங்கே கொண்டுவந்தது முந்திரி. மலையாளத்தில் அதற்குப் பறங்கிமாவு என்றே ஒரு பெயர் உண்டு. இப்போது நெய்யில் வறுத்த முந்திரி மிதக்காத பிரதமனை எவரும் மதிப்பதில்லை. ஆனால் பதினாறாம் நூற்றாண்டுக்கு முன் அது அங்கே இருந்திருக்க வழியில்லை. மெல்லியதாக அரிந்து நெய்யில் சிவக்க வறுத்த தேங்காய்ப் பல்லே இந்த இனிப்புக்கு இயல்பான துணை. பழைய கைகள் இன்றும் முந்திரியைப் போடாமல் தேங்காய்ப் பல்லோடு நிறுத்திக்கொள்வதற்கு இப்படியொரு காரணம் இருப்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டிய தேவையில்லை.

*

இனி செய்முறைக்கு வருவோம். செய்முறையே இங்கு வரலாற்று ஆவணம்.

பலா மாசி, பங்குனியில் பழுக்கத் தொடங்கிச் சித்திரை, வைகாசியில் மலிகிறது. ஆனியில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் எஞ்சிய பழங்கள் நீர்கோத்துச் சுவை இழக்கும். ஓணமோ ஆவணியில். அப்படியானால் ஓணத்து இலையில் சக்கைப் பிரதமன் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்கான விடைதான் சக்கை வரட்டி.

நல்ல வரிக்கைப் பழத்தைத் தேர்ந்து, கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பிளக்க வேண்டும். இல்லையேல் பிசின் ஒருநாள் முழுதும் விடாது. நடுத்தண்டை அரிந்து நீக்கி, நாரைக் களைந்து, சுளையிலிருந்து கொட்டையை எடுத்துவிட வேண்டும். சுளைகளைச் சிறிது நீரில் வேகவைத்து மசிப்பர். கூழனாக இருந்தால் நாரை வடித்தெடுப்பர். வெல்லத்தைத் தனியே காய்ச்சி மண் போக வடிகட்டுவது கட்டாயம். விழுதின் எடையில் பாதிக்குக் குறையாமல் வெல்லம் வேண்டும். நெடுநாள் வைக்க வேண்டுமானால் இன்னும் கூட. அடி கனத்த வெண்கல உருளியில் இரண்டையும் சேர்த்து, சிறு தீயில், இடையிடையே நெய் விட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கூழாகக் கொதித்துக் கையில் தெறிக்கும், பிறகு களியாகும், பிறகு நிறம் இருண்டு, சட்டுவத்தோடு சுருண்டு, உருளியின் ஓரத்தை விட்டு விலகும். பெரிய பழமென்றால் ஒரு பிற்பகல் முழுதும் ஆகும். நடுவில் கையை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். ஒருவர் மாற்றி ஒருவராக வீட்டுப் பெண்கள் கிண்டிய வேலை அது.

அங்கே நடப்பது எளிய அறிவியல். பழத்திலுள்ள நீர் ஆவியாகிறது. எஞ்சிய நீரை வெல்லத்தின் இனிப்பு தன்னோடு கட்டிப்போடுகிறது. நுண்ணுயிர்கள் வாழத் தேவையான நீர் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. ஆறவைத்து ஈரமில்லாத பரணியில் அடைத்து வாயைத் துணியால் கட்டிவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். இஞ்சியை வெயில் சுக்காக்கியது. பலாவை வெயிலால் அப்படி ஆக்க முடியாது. ஆகவே நெருப்பும் வெல்லமும் கொண்டு அதை உலர்த்தினார்கள். கப்பலேற முடியாத பழம் கடலைக் கடக்கவில்லை என்றாலும், மழையைக் கடந்தது.

பிரதமன் செய்யும் நாள் இரண்டாம் பகுதி. ஒரு குவளை வரட்டிக்கு இரண்டு தேங்காய் என்று வைத்துக்கொள்ளலாம். தேங்காயைத் துருவி நீர் விடாமல் அல்லது சிறிதளவே விட்டுப் பிழிவது ஒன்றாம் பால். அதே துருவலில் வெந்நீர் விட்டுப் பிழிவது இரண்டாம் பால்; மறுபடியும் பிழிவது மூன்றாம் பால். வரட்டியை மூன்றாம் பாலில் கரைத்துக் கொதிக்கவிட்டு வற்றவைப்பர். பின் இரண்டாம் பால். அதுவும் கொதித்துக் குறுக வேண்டும். கடைசியில் தீயைத் தணித்து ஒன்றாம் பாலை விட்டு, சூடேறியதும் கொதிக்குமுன் இறக்கிவிட வேண்டும். ஒன்றாம் பாலில்தான் கொழுப்பு மிகுதி. அந்தக் கொழுப்பைச் சிறு துளிகளாகப் பிடித்துவைத்திருக்கும் புரதம் கொதியில் கைவிட்டுவிடும். பால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும். நாமே ஒருமுறை பேச்சு மும்முரத்தில் அதைக் கொதிக்கவிட்டு, விருந்தாளிகளுக்கு எண்ணெய்க் குளத்தில் மிதக்கும் ஒன்றைப் பரிமாறிய அனுபவம் உண்டு. உண்டவர்கள் நல்ல மனிதர்கள், ஒன்றும் சொல்லவில்லை.

இறக்கியதும் சுக்குப் பொடி, வறுத்துப் பொடித்த சீரகம், ஏலப்பொடி. இவை மணத்துக்காக மட்டும் சேர்ந்தவையல்ல. பலா மந்தம் செய்யும் என்பது நாட்டு மருத்துவத்தின் உறுதியான கருத்து; சுக்கும் சீரகமும் அந்த மந்தத்துக்கு மாற்று. இனிப்பும் அதன் மருந்தும் ஒரே அகப்பையில் வருகின்றன. சூடாக உண்பதற்கும் காரணம் உண்டு. ஆறினால் பழக்கூழ் இறுகும், தேங்காயின் கொழுப்பு உறையத் தொடங்கும், நாக்கில் இழைய வேண்டியது பிசுபிசுக்கும்.

*

இதுவரை சொன்னது சுவையின் கதை. ஆனால் இச்சுவை யாருக்குக் கிடைத்தது என்று கேட்காமல் விட்டால் நம் கட்டுரை வெறும் சமையல் குறிப்பாகிவிடும்.

ஓணத்துக்கு முந்தைய மாதம் கர்க்கடகம், நம் ஆடி. அடைமழையில் வேலை இல்லை, களஞ்சியத்தில் நெல் இல்லை. பஞ்சக் கர்க்கடகம் என்றே அதற்குப் பெயர். அம்மாதத்தில் ஏழை வீடுகளில் எரிந்த அடுப்புகளில் வெந்தது பெரும்பாலும் கோடையில் மண்ணிலும் மணலிலும் புதைத்துப் பாதுகாத்த பலாக்கொட்டை. அதற்கு முன்பாகப் பலாக்காய் புழுக்காகவும் கூட்டாகவும் சோற்றின் இடத்தை நிரப்பியிருக்கும். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அரிசி வரத்து நின்றுபோய், வெளியரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் பட்டினியில் தவித்தபோது, மரவள்ளிக்கிழங்கோடு பலாவும் உயிர் காத்ததை முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கபிலர் சொன்ன உழாத விளைவு இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

ஆக, பழம் எல்லோருக்கும் உரியது. ஆனால் பிரதமன்? அதற்கு வெல்லம் வேண்டும், நெய் வேண்டும், ஒரு பிற்பகல் முழுதும் எரிக்க விறகு வேண்டும். தன் வீட்டு முற்றத்துப் பழத்தை வெல்லத்தில் கிண்டி நான்கு மாதம் தொடாமல் வைத்திருக்க, அந்த நான்கு மாதமும் வேறு உணவு வேண்டும். மலையில் விளைந்த மணப்பொருளும் விளைவித்தவன் கையில் தங்கவில்லை. மார்த்தாண்ட வர்மா (1729–1758) காலத்தில் மிளகு வணிகம் அரசின் ஏகபோகமாயிற்று. ஏலமும் அரசின் பிடியில் இருந்தது. மிளகின் மீதான ஏகபோகம் 1860இல்தான் நீங்கியது. சக்கைப் பிரதமனில் ஏலத்தை விடச் சுக்கே முந்தி நிற்பதை நாம் இந்தப் பின்னணியோடு சேர்த்து யோசிக்கலாம். இஞ்சி கொல்லையில் கிடைப்பது; யாரும் கணக்குக் கேட்காதது.

விருந்துக்கும் வரிசை இருந்தது. திருவிதாங்கூர் அரசு நடத்திய ஊட்டுப்புரைகளில் இலவச உணவு பிராமணர்க்கே உரியதாயிருந்தது. 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாகும்வரை, நெல்லை விளைவித்துப் பலாவைச் சுமந்து வந்த மக்களில் பெரும்பகுதியினர் அரசின் கோயில்களுக்குள் நுழைய இயலாது. அங்கே நிவேதனமாகும் பாயசத்தின் மணத்தை மதிலுக்கு வெளியே நின்றுதான் அறிய முடியும். ஒரே மரத்தின் கனியில் சுளை ஒரு பந்திக்கும் கொட்டை வேறொரு கஞ்சிக் கலயத்துக்கும் போனது. பழைய பிரதமனைப் பற்றிப் பெருமூச்சோடு எழுதுவோர் இதையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

இன்னொரு விடுபடலும் உண்டு. கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியான ‘ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்’ நூலில் பலாமரம் பெரிய படங்களோடு இடம்பெற்றிருக்கிறது. அந்நூலுக்குச் செடிகளின் பெயரும் குணமும் சொன்ன ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், 1675இல் தம் கையால் கோலெழுத்தில் எழுதிய சான்றுரையும் அதில் அச்சாகியுள்ளது. வைத்தியரின் அறிவுக்கு ஒரு கையொப்பமாவது கிடைத்தது. உருளியின் ஓரத்தைக் களி விட்டு விலகும் கணத்தைக் கண்டறிந்த பெண்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவர்களுடைய அறிவு ஏட்டில் ஏறாமல் மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்கு மாறியே வந்தது.

*

இன்று வெல்லம் எல்லோர்க்கும் எட்டும் விலையில் இருக்கிறது. பந்தியில் வரிசையும் பெருமளவு மறைந்துவிட்டது. சக்கைப் பிரதமன் இப்போதுதான் உண்மையில் பொதுவுடைமை ஆகியிருக்க வேண்டும். நடந்தது வேறு. இருபதாம் நூற்றாண்டில் ரப்பர் பரவப் பரவ, பலா வேலியோரத்துக்கு ஒதுங்கியது. ஆண்டு முழுதும் அரிசி கிடைக்கத் தொடங்கியதும் பலா ஏழ்மையின் அடையாளமாகத் தோன்றிற்று. கூட்டுக்குடும்பம் கலைந்தபின் பதினைந்து கிலோப் பழத்தைப் பிளந்து சுளையெடுக்க வீட்டில் கைகள் இல்லை. கோடையில் குமரி மாவட்டத்து ஊர்ப்பாதைகளில் நடந்தால், மரத்தடியில் விழுந்து பிளந்து ஈ மொய்க்கும் பழங்களைக் காணலாம். பொதுத் தமிழின் பொருளில் அவை சக்கையாகிவிட்டன.

2018 மார்ச் 21ஆம் நாள் கேரள அரசு பலாவை மாநிலப் பழமாக அறிவித்தது. தமிழ்நாட்டின் மாநிலப் பழமும் அதுவே. பலாக்காய் மாவும் பொட்டலத்து வரட்டியும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை நாம் குறை சொல்லமாட்டோம். எவர் கிண்டினாலும் பழம் மழையைக் கடந்தால் சரி. ஆனால் வரட்டி கிண்டுவது, கையில் இருப்பதை எல்லாம் இன்றே தின்றுவிடாமல், வரப்போகும் ஒரு நாளுக்காகவும் வரப்போகும் ஒருவருக்காகவும் எடுத்துவைக்கும் பழக்கமுமாகும். சித்திரையில் உருளியைக் கிண்டிய பெண், ஆவணி இலையில் அமரப்போகும் முகங்களை மனத்தில் கண்டிருப்பாள். அந்த நான்கு மாதத்துக்கிடையே மழையும் இருந்தது, பசியும் இருந்தது, பரணியும் மூடியே இருந்தது.

அடுத்த கோடையில் எங்கேனும் ஒரு வரிக்கைப் பழம் கிடைத்தால் ஒரு பிற்பகலை ஒதுக்கிக்கொள்ளுங்கள். கிண்டுவதற்கு இன்னும் இரண்டு கைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் பாலை விட்டபின் பேச்சில் கவனம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் அகப்பையை, பந்தியில் கடைசியாக உட்காருபவரின் இலையில் ஊற்றுங்கள்.